எழுந்து நின்றால் லாரி வரும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னைத் திட்டிவிட்டுப் போனாயே, அதற்குப் பதில் இது. அன்றைக்கே வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு மூச்சுவிடக்கூட இடம் வைக்க மாட்டாய். ஜிம்மில் பத்துப் பேரை ஒரே நேரத்தில் அதட்டி அதட்டி வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். கடிதம் என்றால் நடுவில் புக முடியாது, முடிகிறவரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாக வேண்டும்.

நீ வந்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தேன். தீபாவளிக்கு வந்தபோது முட்டிக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்கிறேனா என்று கேட்டாய். நான் தலையைச் சொறிந்தேன். உடனே உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயும் என் கஸ்டமருங்க மாதிரிதாம்மா. மொத மூணு வாரம் பெரிய ஆட்டம், அப்புறம் ஆளையே காணோம். எல்லாம் சோம்பேறிங்க" என்றாய். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, வங்கியில் வேலை செய்யும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். எவ்வளவு நன்றாகச் செய்துகொண்டிருந்தாள், இளைக்கவும் ஆரம்பித்துவிட்டாள், திடீரென்று நின்றுவிட்டாள், போனை எடுப்பதில்லை என்று. பாதிப் பேர் இப்படித்தான் போகிறார்கள், இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றும் சொன்னாய். கிளம்பும்போது, "சீக்கிரம் காலைச் சரிபண்ணு. மாடி ஏற முடியுற அன்னிக்கே ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். மூணாவது மாடிதான். இந்தக் குளிர்ல ஒத்தையா எதுக்குக் கெடக்குற?" என்று முடிவாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாய். எனக்கு ஈப்போவுக்கு வர இஷ்டம் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் உன் அப்பாவின் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அவரை ஊர் கேட்கச் சோம்பேறி என்று சொன்னவள்தான்.

ஜப்பான்காரன் காலம் என்று ஆரம்பித்தாலே நீங்களெல்லாம் அடியையும் பசியையும் கேட்கத் தயாராகிவிடுகிறீர்கள். நான் சொல்லப்போவது உடற்பயிற்சியைப் பற்றி. வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கிய பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஜப்பான் துரை ஒருவர் வந்தார். குள்ளமானவர், துணிமணியில் ஒரு அழுக்குப் பார்க்க முடியாது. தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்ததும் எங்களை வேலைக்கு விட மாட்டார். முதலில் ஜப்பான் இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும். அப்புறம் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு மேசைமேல் ஏறி நின்று இச்சி, நீ, சான், சீ என்று அவர்கள் பாஷையில் எண்ணுவார், நாங்கள் கையைத் தூக்கி, இறக்கி, இடுப்பை வளைத்து ஆட வேண்டும். தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணிச் சாக்கு, முதுகில் கூடை, கட்டியிருக்கும் சேலை கிழிசல். கையை மேலே தூக்கினால் மானம் போகும், தூக்காவிட்டால் கன்னத்தில் விழும். துரை இந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கத்துக் கைகள் மேலே போகும். அந்தப் பக்கம் திரும்பினால் தொப்பென்று இறங்கிவிடும். இப்படியே பல மாதம் ஆடினோம். ஜப்பான்காரன் தோற்றுப் போனதற்கு அடுத்த நாள் காலையில் அதே களத்தில் அதே ஜனம் நின்றது, ஒருத்தரும் ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. உன் ஜிம்முக்கு வந்தபோது நீ கையைத் தட்டித் தட்டிக் கத்தியதைப் பார்த்தேன். எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே, நீ நல்ல பிள்ளைதான், ஆனால் உன் முதுகு திரும்பியதும் அவர்கள் கை இறங்கியதையும் நான் பார்த்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அரிசி குறைந்து, மரவள்ளியும் சக்கரவள்ளியுமே சோறாகிவிட்டன. உன் அப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, செருப்பு கழன்றுபோனால்கூடத் தெரியாமல் நடப்பார். ஒரு நாள் மலைச்சரிவில் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் தவிட்டைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். கோழிக்குப் போடுவதை மனுஷனுக்குக் கொடுக்கச் சொல்கிறாரே என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே கொடுத்தேன். வீக்கம் வற்றியது. வற்றிய பிறகு பார்த்தால் கால் இரண்டும் குச்சி. "இனிமே நடக்கணும், தாயி. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்க வையி. இல்லாட்டி நரம்பு செத்துப்போயிரும், அப்புறம் ஆயுசுக்கும் உக்காந்த எடந்தான்" என்றார் டிரெசர். உன் அப்பாவுக்கு அப்போது வயது இருபத்து நாலோ ஐந்தோ. வேலைக்குப் போகாதவனுக்கு அரிசி கிடையாது என்பது துரையின் சட்டம். எனக்குக் கிடைத்ததை இரண்டு பேரும் தின்றோம்.

நான் செய்யாத வித்தை இல்லை. முதலில் கெஞ்சினேன். கொஞ்ச நாள் எழுந்து நாலடி வைத்தார், அப்புறம் படுத்துக்கொண்டார். கருவாட்டுத் துண்டைச் சுட்டு வாசற்படியில் வைத்து, வந்து எடுத்துக்கொள் என்றேன். வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இதே வியாதி வந்து எழுந்து நடமாடுகிறவனைக் காட்டி, அவனைப் பார், உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். எதற்கும் மசியவில்லை. ஒரு நாள் குழாயடியில் பெண்கள் எல்லோரும் நிற்கும்போது எங்கள் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினேன்: "பொம்பள சம்பாதிக்கிற அரிசியத் தின்னுட்டு மல்லாந்து கெடக்க வெக்கமா இல்ல? சோம்பேறி!"   அதற்குப் பிறகு கொஞ்ச நஞ்சம் நடந்துகொண்டிருந்ததும் நின்றுபோனது. நீ இப்போது உன் ஆட்களிடம் செய்கிற எல்லாவற்றையும் நான் அப்போதே செய்து பார்த்துத் தோற்றுவிட்டேன் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு அந்தோணி அண்ணனுடையது. நீ பார்த்ததில்லை. மேரி அத்தையின் புருஷன். உரத்த குரல், வாயைத் திறந்தால் ஊர்க்கதை, ஆளைப் பார்த்தால் தேக்குமரம் மாதிரி இருப்பார். நான் கத்தியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது, சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் வந்தார். உன் அப்பாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புத்தி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.  ஆனால் சாதாரணமாக ஒன்றே ஒன்று கேட்டார். "மச்சான், நீ எந்திரிச்சு நின்னா என்ன ஆகும்னு பயப்படுற?"

உன் அப்பா திரும்பிப் படுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நின்னா லாரி வரும்ணே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான்காரன் கீழ்த் தோட்டங்களிலிருந்து ஆம்பிளைகளை லாரியில் அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். போனவர்கள் யாரும் திரும்பவில்லை, சேதியும் வரவில்லை. எங்கள் மலைக்கும் வரும் என்று பேச்சு. நடக்கிற ஆம்பிளை லாரியில் ஏறுவான், படுத்துக் கிடப்பவனை ஏற்ற மாட்டான். இதை யோசித்து முடித்துவிட்டுத்தான் மனுஷன் மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "நீ என்னிக்குக் கேட்ட? நட நடன்னுதானே சொன்ன?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை. இத்தனை நாள் ஒரே பாயில் படுத்துக்கொண்டு இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாத என் மேல்.

அந்த வங்கிப் பெண்ணும் எதையோ பார்த்துப் பயந்திருக்கலாம். இளைத்துப் புதுத் துணி வாங்கினால் வீட்டில் ஒருத்தன் என்ன கேட்பானோ, யார் கண்டது? எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ ஆட்களிடம் ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறாய். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் நேரம் இல்லை என்கிற பதில் தயாராக இருக்கும்.

விஷயம் தெரிந்ததும் அந்தோணி அண்ணன் ஒரு வழி சொன்னார். "கதவச் சாத்திட்டு நட மச்சான். வீட்டுக்குள்ள நீ ஆம்பள, வெளிய நீ நொண்டி. எவனுக்குத் தெரியப்போவுது?" அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கொழுந்து எடுக்கும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு நிரை. தன் நிரையை முடித்தவள் மேலே உட்கார்ந்துகொண்டு சீக்கிரம் வாடி என்று கூப்பாடு போட மாட்டாள். பின்தங்கியவளின் நிரையில் மேலிருந்து எடுத்துக்கொண்டே இறங்குவாள், நடுவில் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள். அண்ணன் அதைத்தான் வீட்டுக்குள் செய்தார். உன் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வாசல் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஏதாவது ஒரு ஊர்க்கதையை ஆரம்பிப்பார். யார் யாரோடு ஓடிப் போனாள், வேலை வாங்குகிற எந்த மண்டோர் எங்கே அடி வாங்கினான் என்று. சூடு பிடிக்கிற இடத்தில் குரலை அப்படியே இறக்கிவிடுவார். "கேக்கல, அண்ணே" என்பார் உன் அப்பா. "அப்ப கிட்ட வாலா" என்பார் அவர். உன் அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்கிறபோது, அண்ணன் எழுந்து அடுப்பு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு மீதியைச் சொல்வார். அடுத்தவன் சங்கதி கேட்கிற ஆசையிலேயே மனுஷன் சுவருக்குச் சுவர் நடந்தார்.

நடக்க முடியாத நாட்களும் இருந்தன. மழை பிடித்துக்கொண்டால் கால் மரத்துப்போகும். நான் என்றால் அப்போதும் நச்சரித்திருப்பேன். "இன்னிக்கு நடக்க வேணாம் மச்சான். நின்னுக்கிட்டே கேளு, அது போதும்லா" என்று சொல்லி, பாதிக் கதையோடு போய்விடுவார் அண்ணன். ஆனால் வராமல் இருந்ததில்லை. கால் திரும்பியது. வெளியே போகும்போது ஒரு கம்பை ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு பெரட்டுக் களத்தில் போய் நிற்பார். நொண்டிக்கும் அரைப் பங்கு அரிசி உண்டு என்று கிராணி எழுதிக்கொண்டார். பக்கத்தில் எப்போதும் அண்ணன் தோள்கொடுத்து நிற்பார். அண்ணனிடமும் சொந்தமாக ஒரு வித்தை இருந்தது. துரை கிட்டே வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மார்பு கிழிகிற மாதிரி இருமுவார். துரைக்கு இருமலைக் கண்டால் பயம், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விடுவார். வீட்டுக்கு வந்ததும் அந்த இருமலை இருமிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார்.

அப்புறம் ஒரு நாள், "நடக்கக் கத்துக்கிட்ட. இனிமே விழக் கத்துக்க" என்றார். கம்பைத் தட்டிவிட்டுப் பார்ப்பார்கள், அதற்குப் பழக வேண்டும் என்றார். அது நடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அண்ணன் திடீரென்று கம்பை உதைத்தால் உன் அப்பாவின் கால்கள் தானாகத் தாங்கிக்கொண்டன. அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய பலம், நில் என்றால் நிற்கிறது, விழு என்றால் கேட்க மாட்டேன் என்கிறது. திரும்பத் திரும்ப விழுந்து பழகினார். மேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்ப்பாள். ஒழுங்காக விழுந்தால் நாங்கள் கை தட்டுவோம். வயிற்றில் ஒன்றும் இல்லாத காலம், ஆனாலும் அந்த அறையில் நான் சிரித்த மாதிரி பிறகு எங்கேயும் சிரித்ததில்லை.

லாரி வந்தது. பெரட்டு முடிந்து, குனிந்து, கையைத் தூக்கி இறக்கி எல்லாம் ஆனதும் களத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. துரையோடு ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்தி, தோளைத் தட்டித் தட்டிப் பிரித்தார். அண்ணன் முறை வந்தபோது இருமினார், உயிரே போய்விடும்போல இருமினார். துரை ஏதோ சொல்ல, அதிகாரி அவரைத் தாண்டிவிட்டார். அடுத்தது உன் அப்பா. அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். பூட்ஸ் காலால் கம்பை உதைத்தார். உன் அப்பா விழுந்தார். எங்கள் வீட்டில்கூட அவ்வளவு நன்றாக விழுந்ததில்லை. முகம் சேற்றில் பதிந்தது, கால் இரண்டும் துணி மாதிரி மடங்கிக் கிடந்தன. அதிகாரி சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தோணி அண்ணன் குனிந்து அவரைத் தூக்கினார். தினமும் தூக்குகிற பழக்கம்தானே. இரண்டு அக்குளிலும் கைகொடுத்து ஒரே வீச்சில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி நிறுத்தினார். இருமவில்லை. மறந்துவிட்டார். நாலடி போயிருந்த அதிகாரி திரும்பிப் பார்த்தார். வந்து அண்ணனின் புஜத்தை அழுத்திப் பார்த்தார். தோளைத் தட்டினார்.

உன் அப்பாவால் அன்று தானாக எழுந்திருக்க முடியும், தம்பி. எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அண்ணனை லாரிக்கு நடத்திக்கொண்டு போனபோதும் அவர் கம்பை ஊன்றிக் காலை இழுத்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. நிமிர்ந்தால் இரண்டு பேரும் போவார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. மேரி குழந்தையோடு ஓடினாள், அவளைத் துப்பாக்கிக் கட்டையால் தள்ளினார்கள். லாரி நகரும்போது அண்ணன் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். முதல் நாள் சாயங்காலம் துரை வீட்டு முட்டைக்கோழி காணாமல் போன கதையை ஆரம்பித்து, திருடன் பெயரை நாளைக்குச் சொல்கிறேன் என்று நிறுத்தியிருந்தார். "மச்சான்! கோழியத் தின்னது நம்ம கிராணிதான்! எறகெல்லாம் அவன் வீட்டுப் பின்னால கெடக்கு!" என்றார். துரைக்குத் தமிழ் தெரியாது. அவன் என்ன சொல்கிறான் என்று கிராணியையே கேட்டார். குடும்பத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான் என்று கிராணி மலாயில் சொன்னார்.  அண்ணன் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்தவர்களில் ஒருவன் மேரியிடம் சொல்லிவிட்டுப் போனான், முதல் மழைக்காலத்திலேயே வாந்திபேதி என்று.

உன் அப்பா தினமும் விடியற்காலையில் நடக்கப் போவதை நீ பார்த்து வளர்ந்தாய். மழையிலும் போவார், காய்ச்சலிலும் போவார், உனக்குக் கல்யாணம் நடந்த அன்றும் போய்விட்டு வந்துதான் வேட்டி கட்டினார். உன் ஜிம்முக்கு வருகிறவர்களிடம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாயாம், மனக்கட்டுப்பாடு என்றால் எங்கப்பா என்று. அவருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. சண்டைக்குப் பிறகு மேட்டு லயத்துக்குக் குடிபோயிருந்த மேரி வீட்டுக்குத்தான் போனார். தண்ணீர் பிடித்து வைத்தார், விறகு பிளந்து போட்டார், அவள் போட்டு வைத்திருந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார். சாகிறவரைக்கும் அதுதான் அவருடைய நடை. அன்று அவரால் எழுந்திருக்க முடியும் என்பது மேரிக்குத் தெரியும். விழப் பழகியதைப் பார்த்துக் கை தட்டியவள்தானே. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

உன் ஆட்களைத் தக்கவைக்க இதில் ஏதாவது உதவினால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் விடு. இப்போது என் சங்கதி. போன ஞாயிறு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தது நடிப்பு. நீ சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தீபாவளியிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு தினமும் செய்கிறேன். நல்ல பயிற்சிகள்தான், உனக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. நான் நேராக நடப்பதைப் பார்த்தால் அன்றைக்கே என்னைக் காரில் ஏற்றிவிடுவாய் என்று பயந்தேன். மேரிக்குக் கண் போய்விட்டது. மகள் ஜொகூரில் இருக்கிறாள். உன் அப்பா போன மறுநாளிலிருந்து காலையில் அந்த மேட்டை ஏறுகிறவள் நான்தான். இப்போதெல்லாம் நடுவில் எங்கேயும் நிற்காமல் ஏறுகிறேன். கால் நன்றாகிவிட்டது, தம்பி. அதனால்தான் வர முடியாது.

அம்மா